அறிவியல் ஏன் கசக்க வேண்டும்?

"நுண்புழை ஏற்றம் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால் பத்துக் கைகளாவது உயரும். "மிக நுண்ணிய குழாய்களில் நீர்மம் தானாக மேலேறும் நிகழ்ச்சிக்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர்" என்று ஒரு சொல் பிசகாமல் மாணவி ஒப்பிப்பாள். மதிப்பெண் இரண்டுக்கு இரண்டு.

அதே மாணவியிடம், "ஏம்மா, நேற்று மின்சாரம் நின்றபோது வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினாயே, எண்ணெய் அடியில் கிடக்கிறது, தீ திரியின் நுனியில் எரிகிறது. எண்ணெயை மேலே ஏற்றியது யார்?" என்று கேட்டுப் பார்த்தோம். அவள் திகைத்து நின்றாள். பாடப் புத்தகத்தில் இருந்த குழாயும் வீட்டில் இருந்த திரியும் ஒன்றே என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார்? அறிவியல் ஆசிரியைகளாகிய நாங்கள்தாம்.

ஆகவே இக்கட்டுரையை மாணவியருக்கு அறிவுரையாக எழுதாமல், எங்களுக்கே ஒரு பாடமாக எழுதுகிறோம். இளம் உள்ளங்களுக்கு அறிவியலை இனிக்கச் செய்தவர்கள் உலகில் பலர் உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள், கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நாம் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இங்கு நாம் காணப்போவது.

மெழுகுவர்த்தி நடத்திய பாடம்

மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்புக் கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்து அறிஞரானவர். மின்னாக்கிக்கும் மின்மாற்றிக்கும் அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் அவரே. இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ஆம் ஆண்டில் தொடங்கின. ஃபாரடே பல ஆண்டுகள் அவற்றை நிகழ்த்தினார். அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது எது தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியது! 1848-இலும், மறுபடியும் 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமசை ஒட்டியும் அவர் மெழுகுவர்த்தியையே தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

நம் சிற்றாலயத்தில் நாள்தோறும் எரியும் மெழுகுவர்த்தியில் அப்படி என்ன இருக்கிறது? பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள். நன்றாக எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை ஒன்று இழைபோல் மேலெழும். எரியும் தீக்குச்சியைத் திரியைத் தொடாமல் அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியே கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அப்படியானால் எரிவது கட்டி மெழுகும் அன்று, திரியும் அன்று. மெழுகு உருகித் திரியில் ஏறி ஆவியாகிறது. அந்த ஆவியே எரிகிறது.

அடுத்து, குளிர்ந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றைச் சுடருக்கு மேலே சற்று உயரத்தில் கவிழ்த்துப் பிடியுங்கள். உட்புறம் பனிபோல ஈரம் படியும். தீயிலிருந்து தண்ணீர்! மெழுகில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிக் குளிர்கிறது. பிறகு ஓர் எவர்சில்வர் கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதியில் காட்டுங்கள். கரி படியும். அந்தக் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால்தான் சுடர் மஞ்சளாகத் தெரிகிறது. ஒரு சிறிய வர்த்திக்குள் இயற்பியலும் வேதியியலும் எவ்வளவு அடங்கியிருக்கின்றன, பாருங்கள்!

எங்கள் தவறு

இனி நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீர் ஊற்றிய தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, ஏற்றி, அதன்மேல் தம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். சிறிது நேரத்தில் சுடர் அணையும். தம்ளருக்குள் நீர் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் நீர் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது" என்று நாங்கள் பல ஆண்டுகள் கற்பித்து வந்தோம்.

ஒருமுறை, ஒரு வர்த்திக்குப் பதிலாக மூன்று வர்த்திகளை வைத்துச் செய்தபோது நீர் அதிக உயரம் ஏறியது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், தம்ளர் அதேதானே? உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அவ்வளவுதானே? பிறகு ஏன் நீர் கூடுதலாக ஏறியது?" என்று கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. "உட்கார், பாடத்தில் உள்ளதைப் படி" என்று சொல்லியிருக்கலாம். நல்லவேளையாக அப்படிச் சொல்லவில்லை. மறுபடியும் செய்து கூர்ந்து பார்த்தோம். சுடர் எரியும்வரை நீர் அதிகம் ஏறவில்லை. அணைந்த பிறகே விரைந்து ஏறியது. தொடக்கத்தில் தம்ளரின் விளிம்பு வழியே காற்றுக் குமிழிகளும் வெளியேறின.

உண்மை இதுதான்: சுடரின் வெப்பத்தால் தம்ளருக்குள் இருக்கும் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. நீராவியும் குளிர்ந்து நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. வர்த்திகள் கூடினால் வெப்பம் கூடும். வெளியேறும் காற்றும் கூடும். ஆகவே நீரும் அதிகம் ஏறும். ஆக்சிஜன் செலவாவது உண்மையே. ஆனால் அதற்கு ஈடாகக் கரியமில வாயு உண்டாகிறது. மேலும், ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும்.

அந்த மாணவி அன்று கேட்டிராவிட்டால் நாங்கள் இன்றும் தவறாகவே கற்பித்துக்கொண்டிருப்போம். அறிவியல் வகுப்பில் "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று ஆசிரியை சொல்வது இழுக்கன்று என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

"சோதனை செய்ய வசதி வேண்டுமே, கிராமத்துப் பள்ளிகள் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். இதற்கு மத்தியப் பிரதேசத்தில் விடை கண்டார்கள். 1972-ஆம் ஆண்டில் ஓஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முறை தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் அதைத் தொடங்கின. மாணவர்கள் குழுவாக அமர்ந்து தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வரவேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 1982-இல் இப்பணிக்கென ஏகலவ்யா என்னும் நிறுவனம் அமைந்தது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த இத்திட்டத்தை 2002-ஆம் ஆண்டில் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆயினும் அது காட்டிய வழி மறையவில்லை.

1978-இல் இத்திட்டத்தில் பங்கு கொள்ளச் சென்ற இளம் பொறியாளர் அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர். கிராமத்துச் சந்தையில் மலிவாகக் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபை அவர் சிறு துண்டுகளாக நறுக்கித் தீக்குச்சிகளை இணைக்கும் மூட்டாக்கினார். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து பக்கவாட்டில் அழுத்துங்கள், அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்து அழுத்துங்கள், அது அசையாது. மூன்று பக்கங்களின் நீளம் நிலைத்துவிட்டால் முக்கோணத்தின் வடிவமும் நிலைத்துவிடும். வீட்டுக் கூரையின் சட்டத்திலும், ரயில் பாலத்தின் இரும்புச் சட்டத்திலும், உயர் மின்கோபுரத்திலும் முக்கோணங்களையே ஏன் காண்கிறோம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு தீப்பெட்டி. குப்பைக்குப் போகும் பொருள்களிலிருந்து அவர் உருவாக்கிய பொம்மைகள் உலகெங்கும் பரவின. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தமிழில் சொன்னவர்கள்

பொருள் கிடைத்தாலும் மொழி புரியாவிட்டால் பயனில்லை. தமிழில் அறிவியலைச் சொல்ல முடியாது என்று பலர் நம்பிய காலத்தில், வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி அதைச் செய்து காட்டினார். 1891-இல் பிறந்து 1986-இல் மறைந்த அவர், நெடுங்காலம் பொதுமக்களுக்கும் சிறுவர்களுக்கும் எளிய தமிழில் அறிவியல் எழுதினார்.

1980-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. 1987-இல் நாடெங்கும் மக்கள் அறிவியல் பயணம் நடந்தபோது, பாட்டும் நாடகமும் கொண்டு கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. அதே ஆண்டில் சிறுவருக்கான 'துளிர்' மாத இதழை இயக்கம் தொடங்கியது. 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெறத் தொடங்கியது. இதில் சிறுவர்கள் தம் ஊரின் ஒரு சிக்கலைத் தாமே ஆய்ந்து, தம் தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம். கடையில் வாங்கிய தெர்மோகோல் மாதிரியைக் காட்டிவிட்டு வருவதற்கு அங்கே இடமில்லை. "நீ எதை அளந்தாய்? எப்படி அளந்தாய்?" என்றே கேட்பார்கள்.

நம் ஊரே ஆய்வுக்கூடம்

அப்படியானால் கடலூரில் எதை அளப்பது? முதலில் நிழலை அளப்போம். ஆண்டில் இரண்டு நாள்கள் நம் ஊரில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறை. ஆகஸ்டு 22-ஐ ஒட்டி மறுமுறை. அந்நாள்களில் பகல் 12 மணி 10 நிமிடம் அளவில் பள்ளித் திடலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்தினால் நிழலே தெரியாது. 12 மணிக்குச் சரியாக நிகழாமல் சற்றுப் பிந்துவது ஏன்? நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கடலூர் அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே சூரியன் நம் உச்சிக்கு வரச் சில நிமிடங்கள் கூடுதலாகின்றன.

மார்ச்சு 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டிப் பகலும் இரவும் சமமாக இருக்கும்போது ஒரு மீட்டர் குச்சியின் மிகக் குறுகிய நிழலை அளந்தால், கடலூரில் ஏறக்குறைய 20.8 சென்டிமீட்டர் இருக்கும். சிதம்பரத்தில் 20.2. வேறுபாடு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். நிழலின் விளிம்பு மங்கலாக இருப்பதால் இதை அளப்பது கடினம். ஆனால் உங்கள் சித்தி மகளோ அத்தை மகளோ கன்னியாகுமரியில் இருந்தால், அதே நாளில் அவளையும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே ஏறக்குறைய 14.2 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்த வேறுபாட்டிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டு, கன்னியாகுமரி நமக்கு எவ்வளவு தெற்கே உள்ளது என்பதையும் அறிந்துகொண்டால், பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்தது இதுவே.

நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் அவர்களுடையது என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். வரலாற்று வகுப்பில் இதைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பீரங்கியை எவ்வளவு சாய்த்தால் குண்டு மிகத் தொலைவில் விழும்? தோட்டத்து ரப்பர் குழாயைத் தரையை ஒட்டிப் பிடித்து, பல கோணங்களில் நீரைப் பீய்ச்சிப் பாருங்கள். 45 பாகைக்கு அருகில் நீர் மிகத் தொலைவு செல்லும். வரலாறும் இயற்பியலும் ஒரே குழாயில்!

சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் வந்தது ஒரு மரத்தால். அந்தத் தில்லை மரத்தை இன்றும் அருகிலுள்ள பிச்சாவரத்தில் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு நேரும். ஆகவே கிளையை ஒடிக்கக்கூடாது. பிச்சாவரத்துச் சேற்றில் காற்றோட்டம் இல்லை. எனவே கண்டல் மரம் தன் வேர்களைப் பென்சில்கள்போலச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட பிறகே கீழே விழுகிறது. உவர்ச் சேற்றில் பச்சை விதை பிழைப்பது அரிதல்லவா? பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. உலகம் அறிந்த ஆய்வாளர்கள் பணிபுரிந்த இடம் நம் கண்ணெதிரே இருக்க, சுற்றுலா என்றால் நாம் ஏன் வேறெங்கோ போகிறோம்?

உயிர் காத்த ஒரு பாடம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். அன்று கடலூர் மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அந்தத் துயரத்தை நம் கடலோரக் குடும்பங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் இருந்தாள். கடல் நீர் நுரைத்துப் பொங்கி விசித்திரமாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய ஆசிரியர் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையைப் பற்றி நடத்தியிருந்தார். "இது சுனாமி!" என்று அவள் கூவினாள். பெற்றோர் நம்பினர், கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். அவள் அந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்திருந்தால் கடற்கரையில் அது நினைவுக்கு வந்திருக்குமா?

அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்திற்கு. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. ஆழ்கடலில் சுனாமியின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தை (மீட்டரில்) 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீட்டர் ஆழமென்றால் விநாடிக்கு 198 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தை நெருங்குகிறது! ஆனாலும் இரண்டு மணி நேரம் இருந்தது. அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு இல்லை. அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

இன்னொன்றும் அறிய வேண்டும். "கடல் பின்வாங்கினால் ஓடு" என்பது சரியே. ஆனால் கடல் எப்போதும் முதலில் பின்வாங்கும் என்று எண்ணக்கூடாது. அன்று பிளவுக்குக் கிழக்கே கடலடி தாழ்ந்ததால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே கடலடி உயர்ந்ததால் நம் பக்கம் அலை முதலில் பொங்கியே வந்தது. பாதி அறிவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பரங்கிப்பேட்டை மையத்தின் ஆய்வாளர்கள் இருவர் 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சுனாமியின் சேதத்தைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினர். வேறு ஆய்வாளர்கள் அதே கணக்குகளை மறுபடி ஆராய்ந்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே முதன்மைக் காரணங்கள் என்று மறுத்தனர். இதைப் படிக்கும் மாணவி குழம்பத் தேவையில்லை. அறிவியல் இப்படித்தான் வளர்கிறது. சான்றை எல்லார் முன்னும் வைத்து, யாரும் கேள்வி கேட்கலாம் என்று விடுவதே அதன் வலிமை. தம்ளருக்குள் ஏறிய நீரைப் பற்றிக் கேட்ட நம் மாணவியும் அந்த ஆய்வாளர்களும் செய்தது ஒன்றே.

மூவருக்கு மூன்று வேண்டுகோள்

பெற்றோரே! உங்கள் மகள் வீட்டில் கேட்கும் "ஏன்?" என்ற கேள்வியை, "பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்?" என்று அடக்கிவிடாதீர்கள். விடை தெரியவேண்டும் என்பதில்லை. "நீயே பார்த்துச் சொல்" என்றால் போதும். அறிவியல் கண்காட்சிக்குக் கடையில் மாதிரி வாங்கித் தராதீர்கள். ஒரு தீப்பெட்டியும் ஒரு சாண் வால்வு டியூபும் வாங்கிக் கொடுங்கள்.

மாணவியரே! வாரம் ஒரு கேள்வியாவது குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். குளத்து நீரில் பூச்சி எப்படி நடக்கிறது? தோசைக் கல்லில் தெளித்த நீர்த்துளி ஏன் உருண்டு ஓடுகிறது? வெள்ளிக் கடற்கரையில் பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசுவது ஏன்? புத்தகத்தில் தேடுமுன் நீங்களே ஒரு விடையை ஊகித்து, அதைச் சோதிக்கும் வழியையும் எழுதுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் எங்களுக்கே. ஆய்வுக்கூடத்தின் பூட்டு ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் திறக்கக்கூடாது. கண்ணாடிக் குழாய் உடைந்தால் உடையட்டும். மாணவியின் கேள்வி உடையக்கூடாது. வரும் ஏப்ரலில் நிழல் மறையும் நண்பகலில் குச்சியும் அளவுகோலுமாகத் திடலில் காத்திருப்போம். விடுமுறைதானே என்று இருந்துவிடாமல், நீங்களும் வாருங்கள். தம்பி தங்கையரையும் அழைத்து வாருங்கள்!